ஆறாவது மட்டை

எங்கள் எஸ்டேட்டில் பூப்பந்து ஆட ஆறு பேர் தேவைப்பட்டார்கள். முறையாக ஆடுவதென்றால் பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். ஆனால் ஏற்காடு மலையில், நாகலூரிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குள் வெகுதூரம் தள்ளியிருந்த எங்கள் இடத்தில், சாயங்காலம் ஓய்வாக இருந்தவர்களும் கையில் மட்டை வைத்திருந்தவர்களும் மொத்தமே ஐந்து பேர்தான். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், ஜீப் டிரைவர், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர், டீக்கடைக்காரர், பம்பு ஷெட்டில் வேலை பார்த்த என் மாமா. மூன்றுக்கு மூன்றாகப் பிரிய ஓர் ஆள் குறைந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, பழைய மட்டை ஒன்றைக் கையில் கொடுத்து என்னை நிறுத்தினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டால் தொட்டி நிறையும்வரை அவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் பம்பு ஷெட் சுவரில் பந்தடித்து அடித்தே பழகியவர்.

காப்பி காயப்போடும் சிமெண்டுக் களம்தான் எங்கள் மைதானம். தை, மாசியில் களம் முழுக்கக் காப்பி காயும், அப்போது ஆட்டம் கிடையாது. களம் காலியானதும் ஒரு பக்கம் சில்வர் ஓக் மரத்திலும் மறுபக்கம் ஓர் இரும்புக் குழாயிலுமாக வலையைக் கட்டிவிடுவார்கள். களத்தின் மூன்று பக்கமும் சரிவு. பந்து தவறினால் காப்பிச் செடிகளுக்குள் உருண்டு போய்விடும். மழைக்காலத்தில் அங்கே அட்டை இருக்கும், சில நாள் காட்டெருமையும் நிற்கும். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பந்தைத் தவறவிட்டவர்தான் இறங்கி எடுத்துவர வேண்டும்.

எனக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. சின்னப் பையனைப் பனிக்குள் இறக்கிவிடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே நான் தவறவிட்டால், எனக்கு அடித்தவர் யாரோ அவரே இறங்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். முதல் வாரத்தில் டீக்கடைக்காரர் இரண்டு மூன்று தடவை இறங்கி, காலில் அட்டையோடு திட்டிக்கொண்டே ஏறி வந்தார். அதற்குப் பிறகு அவருக்கு இறங்கும் அவசியமே வரவில்லை. நான் அவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வரும். முதலில் மரங்களின் அடி மறையும், பிறகு வலையின் கீழ்ப்பாதி மறையும், அப்புறம் எதிரில் நிற்பவர்கள் சாம்பல் நிற உருவங்களாகிவிடுவார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து வலைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் கண்ணில் படும். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் போக மாட்டார்கள். பந்து நனைந்து கனத்துவிட்டால் டீக்கடைக்காரர் அதை அடுப்போரம் வைத்துக் காயவைத்துக் கொண்டுவருவார். அப்படி ஒரு பந்து ஒரு பக்கம் கருகியும் போனது. அதையும் வைத்து ஆடினோம்.

பனியில் ஆட நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பந்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்பது. ரைட்டருக்கு இருமல் உண்டு. இருமலை அடக்கிக்கொண்டார் என்றால் பந்து உயரமாக வரும். டிரைவர் தோளைச் சாய்த்தால் தட்டையாக வரும். டிரஸ்ஸர் மெதுவாகத்தான் அடிப்பார். ஊசி போடுகிற மாதிரி அடிக்காதீர்கள் என்று மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். மட்டையின் நரம்பில் பந்து படும் சத்தம் கேட்கும்போதே என் கை சரியான இடத்துக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கேட்டாலே தலை குனிந்துகொள்ளும் எனக்கு, அந்தக் களத்தில் மட்டும் யாருக்கும் இல்லாத ஒரு கண் இருப்பதாக எண்ணம்.

மாமாவிடம் ஒரு பேச்சு உண்டு. உலகத்தில் உள்ள ஆட்டமெல்லாம் இரண்டே வகை என்பார். ஒன்று நிற்கிற வேலை, இன்னொன்று வருகிற வேலை. கோலிக்குண்டு நிற்கிறது, நீ குறி பார்த்து முடிக்கும்வரை அது எங்கேயும் போகாது. பூப்பந்தில் முதல் அடி அடிப்பதும் அப்படித்தான், பந்து உன் கையில் இருக்கிறது, உன்னை யாரும் அவசரப்படுத்த முடியாது. இதையெல்லாம் தனியாகப் போய், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும். ஒரு நாள் கை தானாகப் படித்துக்கொள்ளும். ஆனால் சடுகுடுவில் பாடி வருகிறவனும், வலையைத் தாண்டி வருகிற பந்தும் வேறு. ஒரு தடவை வந்த மாதிரி மறு தடவை வராது. அதைத் தனியாகப் பழக முடியாது, மனுசர்களோடுதான் பழக வேண்டும்.

இந்தப் பிரிவினையை அவர் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. காப்பிப் பழம் பறிப்பது நிற்கிற வேலை. கோழி பிடிப்பது வருகிற வேலை. கூட்டத்தில் நாகலூர் பஸ் ஏறுவதும் வருகிற வேலை. ஒரு நாள் அம்மா தட்டை வைத்துவிட்டு, உனக்குச் சோறு போடுவது எந்த வகை என்று கேட்டாள்.

“சோறு நிக்குதுக்கா. நாந்தான் வர்றேன்” என்றார் மாமா.

அப்பா வெற்றிலைச் சாறு சிந்தச் சிரித்தார்.

எனக்கு நிற்கிற வேலைதான் அதிகம் பிடித்திருந்தது. அதில் எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். பம்பு ஷெட் சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு, அதில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பேன். ஆனால் என்னுடைய கெட்டிக்காரத்தனம் வருகிற வேலையில்தான் இருக்கிறது என்று மாமாவே சொல்வார். பனிக்குள் பந்தை எடுக்கிற பயலுக்கு வெளிச்சத்தில் என்ன கஷ்டம் என்பார். நானும் அப்படியே நம்பினேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த வருடம் அது. எஸ்டேட் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. மேலே படிக்க வேண்டுமென்றால் ஏற்காடு டவுனுக்குப் போக வேண்டும். தினமும் பஸ்ஸில் போய்வரவோ, அங்கே தங்கிப் படிக்கவோ எங்கள் வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் இருந்தார்கள். ஜூன் மாதம் பிறந்ததும் என்னை நாற்றுப்பண்ணைக்கு அனுப்புவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். பையில் மண் நிரப்பிக் காப்பி விதை ஊன்றுகிற வேலை, என் வயதுப் பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ரைட்டர் ஒரு சேதி கொண்டுவந்தார். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது. பூப்பந்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அம்மா அன்றிரவே மாமாவின் தகரப் பெட்டியை வாங்கித் துடைத்து, என் துணிகளை அதில் அடுக்கிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது மாதா சுரூபத்தின் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் நின்றாள். எனக்கு விடுதி வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருந்தால் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் பேசப் பயந்தாலும், எழுதுவது எனக்குப் பிடிக்கும்.

மே மாதம், ஈஸ்டருக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாமாவோடு சேலத்துக்குக் கிளம்பினேன். வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அடிவாரத்தில் பஸ் நின்றபோது, அடுப்பின் முன்னால் முகத்தைக் காட்டினாற்போல அனல் அடித்தது. சேலத்தில் அந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு துளி நிழல் இல்லை. சுண்ணாம்புக் கோடுகள் கண்ணைக் கூசவைத்தன. என்னைப் போல இருபது முப்பது பையன்கள் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் என்னைவிட உயரம்.

தேர்வு நடத்திய மாஸ்டர் குட்டையான மனிதர், தலையில் துண்டு கட்டியிருந்தார். அதிகம் பேசவில்லை. முதலில் ஒவ்வொருவரையும் கோட்டில் நிறுத்தி, எதிர்ப்புறம் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் பந்தை விழவைக்கச் சொன்னார். என் முறை வந்தபோது எனக்கு வட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பம்பு ஷெட் சுவரை நினைத்துக்கொண்டேன். பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டத்துக்குள் போய் விழுந்தன. ஒன்றுதான் கோட்டில் விழுந்தது. பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலி ஓரத்தில் நின்ற மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார், அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படிச் செய்வார்.

அடுத்து, விடுதியில் ஏற்கெனவே இருந்த ஒரு பெரிய பையனை எதிரில் நிறுத்தி ஆடச் சொன்னார்கள்.

அவன் தோளைப் பார்த்தேன். அந்தத் தோள் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அவனுக்கு இருமல் இல்லை, சாய்வும் இல்லை. பந்தைப் பார்க்கலாம் என்று பந்தைப் பார்த்தேன். அவன் மட்டையிலிருந்து கிளம்பி, வெயிலில் பளபளவென்று மஞ்சளாக, வரும் வழி முழுக்கத் தெரிந்தது. அதற்கு முன் ஒரு பந்து முழுசாக வருவதை நான் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன், அது என் இடது பக்கம் விழுந்தது. அடுத்தது வலது பக்கம். அதற்கடுத்தது என் காலடியில். ஓடினால் பந்து முன்னால் போனது, நின்றால் பின்னால் போனது.

“வெய்யில்ல ஒறஞ்சு நிக்கிறான் பாருடா” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

போதும் என்று மாஸ்டர் கையைக் காட்டினார். அம்மா அடுக்கி வைத்த பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அப்போது மாமா வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

“ஏனுங்க சார், பையனுக்கு வெளிச்சத்துல ஆடிப் பழக்கமில்லீங்க.”

“பின்ன இருட்டுலயா ஆடுவான்?”

“பனியிலீங்க. எங்க பக்கம் நொம்ப அடர்த்தியா எறங்கிருமுங்க. பந்து தெரியாது, ஆளைப் பாத்துத்தான் எடுப்பான். பழகுன ஆளா இருந்தா ஒண்ணைக்கூட விட மாட்டானுங்க.”

மாஸ்டர் சற்று நேரம் மாமாவையே பார்த்தார். பிறகு அந்தப் பெரிய பையனிடமிருந்து மட்டையை வாங்கி அவர் கையில் கொடுத்தார். நீங்களே எதிரில் நில்லுங்கள், பார்க்கலாம் என்றார்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே போய் நின்றார். அவர் முழங்கை எனக்குத் தெரிந்த முழங்கை. முதல் பந்து வந்தது, எடுத்தேன். அடுத்தது வந்தது, எடுத்தேன். அதன் பிறகு களத்தில் ஆடுவது போலவே ஆகிவிட்டது. நான் எப்படித் திருப்பினாலும், உயரமாகவோ, கோணலாகவோ, மாமா அதை எட்டிப் பிடித்து அனுப்பினார், நான் திருப்பினேன். பந்து கீழே விழவே இல்லை. சிரித்த பையன்கள் எண்ண ஆரம்பித்தார்கள், பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டார்கள்.

மாஸ்டர் நடந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். என் கால் நகர்வதைப் பார்க்கிறார் என்று நினைத்து, காலை இன்னும் அழகாக எடுத்து வைத்தேன். இடது மூலைக்குப் போ என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். போனேன், அங்கேயும் எடுத்தேன். வலைக்குப் பக்கத்தில் போ என்றார். அங்கேயும் எடுத்தேன். மட்டையை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொள் என்றார். வைத்துக்கொண்டேன், பந்து முழங்காலுக்குக் கீழேயே வந்தது. தோளுக்கு மேலே தூக்கு என்றார். தூக்கினேன், பந்து தோளுக்கு மேலே வந்தது. பொதுவாக யார் முன்னாலும் நடுங்குகிற எனக்கு அன்று கொஞ்சமும் நடுக்கம் இல்லை. பந்தைக் கையில் பிடித்து ஆட்டத்தை நிறுத்திய மாஸ்டர், மாமாவிடம் சொன்னார்.

“பையன் பந்துக்குப் போகலீங்க. பந்துதான் பையனைத் தேடிக்கிட்டு வருது.”

என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. மாமா ஏன் சிரிக்கவில்லை என்று தெரியவில்லை. மாஸ்டர் அவரைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அழைத்துப் போய் வெகுநேரம் பேசினார். வயது என்ன, எங்கே வேலை, யாருக்காவது ஆடியிருக்கிறீர்களா என்று கேட்பது அரைகுறையாகக் காதில் விழுந்தது. மாமா எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நான் குழாயில் முகம் கழுவிக்கொண்டே, எனக்குத்தான் இத்தனை விசாரணை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மாமா எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், அவர் டீ மட்டும் குடித்தார். வளைவுகளில் பஸ் ஏறும்போது, வட்டத்துக்குள் அடித்தது நன்றாக இருந்தது கண்ணு என்றார். மற்றது எப்படி மாமா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டர் சொன்ன வார்த்தையை நான் லைன் முழுக்கச் சொன்னேன். வீடு வீடாகப் போய்ப் பேசுகிற பிள்ளை இல்லை நான், அன்று மட்டும் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். களத்தில் சொன்னபோது ரைட்டர் இருமினார், டிரைவர் டிரஸ்ஸரின் முகத்தைப் பார்த்தார். டீக்கடைக்காரர் கடைக்குப் போய், ஒரு பன்னை எடுத்துவந்து என் கையில் வைத்தார். காசு கேட்கவில்லை.

மே மாதம் முடியும் சமயத்தில் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் வந்தது. வழக்கமாகச் சேதி என்றால் ரைட்டர் யாரையாவது அனுப்பிச் சொல்வார். அன்று அவரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

“ஏனுங்கம்மா, சேலத்துல ஒரு மில்லுல இருந்து கூப்புட்டாங்க. அந்த மாஸ்டர்தான் சொல்லி விட்டாராமா. உங்க தம்பியை வேலைக்கு வரச் சொல்றாங்க, அவிங்க டீமுக்கு ஆடோணுமாம்.”

“எம்பையன் சேதி என்னங்க?”

ரைட்டர் கூரை ஓட்டைப் பார்த்தார். அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார், மழை ஒன்றும் பெய்யவில்லை.

மாமா வேலை முடிந்து வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“நான் அனுப்புனது ஒருத்தனை, அவிங்க எடுத்துக்கிட்டது ஒருத்தனையாடா?”

நான் கேட்கவில்லை அக்கா, நான் போகப்போவதில்லை என்றார் மாமா. போகாமல் இங்கேயே மோட்டாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு என்று அம்மா கத்தினாள். போகச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. சில நாட்கள் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. அம்மா தட்டை வைப்பாள், மாமா தின்றுவிட்டுப் போவார். அப்பா நடுவில் உட்கார்ந்து தங்கைகளோடு மட்டும் பேசுவார். பிறகு ஒரு சாயங்காலம் அம்மா அந்தத் தகரப் பெட்டியை இழுத்து, என் துணிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மாமாவின் வேட்டி சட்டைகளை அதில் அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கும்போதும் அவள் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. மாமா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பெட்டியின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

என் துணிகள் பாயில் கிடப்பதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டில்கூட அதிகம் பேசாத நான் அன்று பேசிவிட்டேன்.

“மாமா ஒண்ணுமே பண்ணலீங்கம்மா. மூலைக்கு ஓடுனது நானு, குனிஞ்சு எடுத்தது நானு. மாமா எதுக்கால நின்னுக்கிட்டு, நான் எங்க மட்டையை வெச்சனோ அங்கயே அடிச்சாரு, அவ்வளவுதான். இவரை எதுக்கு எடுத்தாங்க?”

கொக்கியில் இருந்த மாமாவின் கை நின்றுவிட்டது. அம்மா கையில் ஒரு சட்டையோடு என்னைப் பார்த்தாள், அப்புறம் மாமாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். என் பக்கம் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, அந்தச் சட்டையை உதறி, முன்னைவிட நன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். இதையும் வெச்சுக்கோடா தம்பி, அங்கே குளுராதுன்னு நெனைக்காதே என்று சொல்லி, அப்பாவின் கம்பளியையும் எடுத்து மேலே வைத்தாள். நாட்கணக்கில் இருந்த கோபம் அந்த நிமிடத்தோடு போய்விட்டது. நான் சொன்ன குற்றச்சாட்டுக்கு இப்படி ஒரு பலனா என்று எனக்கு அழுகை வந்தது.

மாமா சேலம் போனார். ஜூன் மாதம் நான் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். நாள் முழுக்க மண் நிரப்பிவிட்டு, நகக்கண்ணில் அந்த மண்ணோடு சாயங்காலம் களத்துக்குப் போவேன். ஐந்து பேர்தான் இருந்தோம். ஒரு பக்கம் இரண்டு பேர், நான் நிற்கிற பக்கம் மூன்று பேர் என்று பிரிந்துகொண்டோம்.

முதல் நாள் எனக்குப் பயமாகவே இருந்தது. சேலத்தில் நின்ற மாதிரி நின்றுவிடுவேனோ என்று நினைத்துக்கொண்டே மட்டையை எடுத்தேன். நாலரை மணிக்கு மேகம் ஏறியது. வலை மறைந்தது, ஆட்கள் சாம்பல் நிறமானார்கள். அந்தப் பக்கத்தில் மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. கையை நீட்டினேன், பந்து நேராக என் மட்டையில் வந்து விழுந்தது. மறுபடியும் வந்தது. அன்று முழுக்க ஒன்றைக்கூட நான் விடவில்லை.

கீழே வெயிலில்தான் நமக்கு ஆட்டம் வராது, மலையில் வரும் என்று தேற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பனிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எதைப் பார்த்து அடிக்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.